முதல் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு கார்

டிப்போவில் அவரை எல்லோரும் 'நாலே முக்கால்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரின் முதல் பஸ் காலை நாலே முக்காலுக்குக் கிளம்பும். பதினோரு வருஷமாக அதை எடுக்கிறவர் அவர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

முதல் பஸ்ஸை ஓட்டுகிறவருக்கு ஒரு சங்கடம் உண்டு. ஊரில் மற்ற எல்லோரும் பஸ் பிடித்து வேலைக்குப் போகலாம், அவர் போக முடியாது. அவர் போய்ச் சேர்ந்தால்தானே பஸ்ஸே கிளம்பும்? டிப்போ வீட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர். இத்தனை வருஷமும் இந்தச் சங்கடம் அவருக்கு உறைக்காமல் போனதற்குக் காரணம், அடுத்த தெருவில் குடியிருந்த டிப்போ மெக்கானிக். அவருக்கும் அதே ஷிப்ட். நாலு மணிக்குத் தெருமுனையில் தன் பழைய காரை நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், ஹெட்லைட்டை ஒரு தடவை சிமிட்டுவார். இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் போய்ச் சேருவார்கள். அந்த நேரத்தில் பேச்சு வருகிறவன் மனுஷனே இல்லை என்பது இருவருடைய கட்சியும்.

ஒரு வெள்ளிக்கிழமை டிப்போ வாசலில் மெக்கானிக் வழக்கத்துக்கு மாறாக வாயைத் திறந்தார்.

"ஒண்ணாம் தேதியிலேருந்து நான் பகல் ஷிப்டுக்கு மாறுறேன்யா. முதுகு தாங்கல."

"நல்லதாப் போச்சு. உடம்பைப் பாத்துக்க," என்றார் நாலே முக்கால்.

பஸ்ஸில் ஏறி, சீட்டைச் சரிசெய்து, கண்ணாடியைத் துடைத்து, மூன்றாவது ஸ்டாப்பையும் தாண்டிய பிறகுதான் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்போ நான் எப்படி வர்றது?

முதலில் சைக்கிள் என்று முடிவு செய்தார். "மழை வந்தா?" என்று கேட்டாள் மனைவி. "இந்த மாசத்துல மழை வராது," என்று அடித்துச் சொன்னார். மூன்றாம் நாள் கொட்டித் தீர்த்தது. டிப்போவில் சட்டையைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருந்தவரைப் பார்த்து டைம் கீப்பர், "என்னய்யா, பஸ் கழுவுற இடத்துல நீயும் போய் நின்னுட்டியா?" என்று கேட்டார். அடுத்து வாடகைக் கார். முதல் நாள் மூன்று நிமிஷம் தாமதமாக வந்தது, இரண்டாம் நாள் பன்னிரண்டு நிமிஷம். அன்றைக்கு முதல் பஸ் நாலு ஐம்பத்து நாலுக்குக் கிளம்பியது. பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

முதல் ஸ்டாப்பில் வழக்கமான நாலு பேரும் நின்றிருந்தார்கள்: ஆஸ்பத்திரி நர்ஸ், பேக்கரியில் அடுப்பு பற்றவைக்கிறவர், அலுவலகங்களைப் பெருக்கித் துடைக்கப் போகிற இரண்டு பெண்கள். யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. நர்ஸ் மட்டும் ஏறும்போது, "என்னண்ணா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு. அன்று முழுக்க அந்தக் கேள்வி பின் சீட்டில் உட்கார்ந்து கூடவே வந்தது.

சாயங்காலம் வீட்டில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு ஆறவிட்டார். அவர் மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். ஃபிரேமை வளைத்து ஒவ்வொரு முகத்துக்கும் பொருத்திவிடுவதில் கெட்டிக்காரி. எது கோணல் என்று பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவாள்.

"கார் எடுத்துருங்க," என்றாள்.

"நாள் முழுக்க ஓட்டிட்டு, வீட்டுக்கும் ஓட்டிக்கிட்டு வரணுமா? சொந்தமா கார் வேணாம்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"நான்கூடத்தான் நாள் முழுக்க அடுத்தவங்களுக்குக் கண்ணாடி மாட்டிவிடுறேன். அதுக்காக வீட்டுக்கு வந்து கண்ணாடி போடாம சுவத்துல முட்டிக்கிறேனா?"

அவர் வேறொரு பக்கமாக வந்தார். "புது டிப்போ மூணு வருஷத்துல இங்க பின்னாடி தண்ணித் தொட்டிகிட்டயே வந்துரும். அப்புறம் நடந்தே போயிருவேன். மூணு வருஷத்துக்காக ஒரு காரை விலைக்கு வாங்கி, அதைக் கட்டிக்கிட்டு அழணுமா?"

"யாரு வாங்கச் சொன்னா? எங்க முதலாளியம்மா மாதிரி லீஸுக்கு எடுங்க. மாசாமாசம் கட்டுறது, மூணு வருஷம் ஓட்டுறது, சாவியத் திருப்பிக் குடுத்துட்டு வர்றது. வேலை முடிஞ்சது."

மூன்று வருஷம் என்ற கணக்கு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தவே, நாலே முக்கால் ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்தார்.

விஷயம் மச்சான் காதுக்குப் போனதும் அவர் லீவு போட்டிருந்த சனிக்கிழமை விடிந்ததும் அவன் வந்து நின்றான். மனைவியின் தம்பி, செல்போன் கடை வைத்திருக்கிறான். கார் கிடையாது. ஆனால் கார்களைப் பற்றிய வீடியோ ஒன்றுவிடாமல் பார்ப்பான். எந்தக் காரின் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் சொல்வான்.

"மாமா, இதைப் பாருங்க. நூத்தி எண்பது வரைக்கும் போகும்."

"எங்க?"

"எங்க வேணா போகும் மாமா!"

"காலையில நாலு மணிக்கு ரோட்டுல ரெண்டு நாய் படுத்திருக்கும் மாப்ள. அதுங்களை முந்துறதுக்கா நூத்தி எண்பது?"

மச்சான் விடுவதாக இல்லை. அடுத்து ஒன்றைக் காட்டினான், அதற்கடுத்து இன்னொன்றை. கூரை திறக்கும் என்றான், சீட்டு சூடாகும் என்றான். கடைசியில் லீஸ் என்று கேள்விப்பட்டதும் முகம் சுண்டிப்போயிற்று.

"என்ன மாமா இது? மூணு வருஷம் கட்டுகட்டுன்னு கட்டிட்டு, கடைசியில வெறுங்கையோட வரணுமா? நம்மளுதுன்னு சொல்லிக்க ஒண்ணும் இருக்காதே!"

நாலே முக்கால் சிரித்தார். "இருபத்திரண்டு வருஷமா ஓட்டுறேன். இன்னிவரைக்கும் ஓட்டின ஒரு வண்டிகூட என்னுது இல்ல. தினம் ஷிப்ட் முடிஞ்சதும் சாவியத் திருப்பிக் குடுத்துட்டுத்தான் வீட்டுக்கு வர்றேன். அதுக்காக எந்த வண்டியையாவது அசட்டையா ஓட்டியிருக்கேனா?"

"அது வேலை மாமா."

"இதுவும் வேலைக்குப் போறதுக்குத்தான்டா."

மூவருமாக லீஸ் அலுவலகத்துக்குப் பஸ்ஸில் போனார்கள். ஒரு கண்ணாடிக் கட்டடம், பின்னால் கார்கள் நிற்கும் முற்றம். அங்கிருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். படு சுறுசுறுப்பு, அதைவிடக் கனிவு. லைசென்ஸை வாங்கி, தேதியை மட்டும் பார்த்துவிட்டு நகலெடுக்கப் போட்டாள். படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"சொந்தக் கார் ஓட்டின அனுபவம் எத்தனை வருஷம் சார்?"

"ஒரு நாள்கூட இல்லம்மா."

அவள் பேனா ஒரு நொடி நின்றது. பிறகு பெரிய பூஜ்யமாகப் போட்டாள். "பரவால்ல சார். கொஞ்சமும் பயப்படாதீங்க. எல்லாருமே ஒரு நாள் புதுசா ஆரம்பிச்சவங்கதான்."

மச்சான் வாயைத் திறந்தான். மேசைக்கு அடியில் மாமா அவன் காலை மிதித்தார். இவ்வளவு அன்பாகப் பேசுகிற பெண்ணைக் குறுக்கே வெட்ட அவருக்கு மனம் வரவில்லை. மனைவி மின்விசிறியில் ஏதோ எழுதியிருப்பதுபோல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓட்டிப் பார்ப்பதற்கு மச்சான் ஏற்கெனவே ஒன்றைக் கண்ணால் பிடித்து வைத்திருந்தான். சிவப்பு நிறம், தரையோடு தரையாகப் பதுங்கிய கார். நாலே முக்கால் உள்ளே நுழைந்தபோது குழிக்குள் இறங்குவதுபோல இருந்தது. அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்காளும் தம்பியும் பின்னால்.

"சீட் பெல்ட் போட்டாச்சா சார்? மெதுவா, அவசரமே இல்ல. இதுதான் கியர். இது பிரேக்."

"சரிம்மா," என்றார் பணிவாக.

வண்டி வழுக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தது. முதல் திருப்பம் வரைக்கும் அவள் முகத்தில் நிம்மதி இருந்தது. திருப்பத்தில் அவர் திரும்பவில்லை. நேராகச் சந்திப்பின் நடு மத்தி வரைக்கும் போய், அங்கிருந்து ஒரு பெரிய வட்டமடித்துச் சாவகாசமாகத் திரும்பினார்.

அவள் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "சார், இவ்வளவு தூரம் போய்த் திரும்பணும்னு இல்ல."

"பின்பக்கம் இடிச்சிரும்மா."

"பின்பக்கமே இல்ல சார்! இவங்க ரெண்டு பேரோடயே வண்டி முடிஞ்சுபோச்சு!"

பின்னால் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாலே முக்காலுக்கே கொஞ்சம் வெட்கமாகப் போயிற்று. அடுத்த திருப்பத்தைக் கவனமாக, கார் திரும்புகிற மாதிரியே திரும்பினார். சபாஷ் சார் என்றாள் அவள். அந்தப் பாராட்டில் அவர் கொஞ்சம் அசந்துவிட்டார்போல. அது தினமும் அவர் பஸ் ஓட்டுகிற சாலை. பஸ் ஸ்டாப் கண்ணில் பட்டதும் கால் தானாக பிரேக்குக்குப் போனது, கை தானாக ஓரம் கட்டியது. கம்பத்துக்கு நேராகப் பின்கதவு இருக்கும்படி, ஒரு விரற்கடை பிசகாமல் கார் நின்றது.

ஸ்டாப்பில் பூக்கடை அம்மா இரண்டு கூடைகளோடு நின்றிருந்தார். நல்ல ஆகிருதி. முன் கண்ணாடி வழியாக டிரைவர் முகத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், எதையும் யோசிக்கவில்லை. பின்கதவைத் திறந்து, ஒரு கூடையை மச்சான் மடியில் வைத்து, மற்றொன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு உள்ளே ஏறிவிட்டார்.

"என்ன தம்பி, இன்னிக்கு இவ்வளவு சின்னதா அனுப்பியிருக்காங்க?"

"அம்மா! இது பஸ் இல்லம்மா!" என்று அலறினாள் அலுவலகப் பெண்.

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது கண்ணு. ஆனா டிரைவர் நம்ம டிரைவர்தானே? பதினோரு வருஷமா இவர் ஓட்டுறதுலதான் போறேன். ஒரு நாள் என் கூடை கவுந்ததில்ல. மார்க்கெட் ரெண்டாவது ஸ்டாப் தம்பி, போங்க."

அந்தப் பெண் மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தாள். "சார்... நீங்க பஸ் டிரைவரா?"

"ஆமாம்மா. நாப்பது அடி வண்டி."

"அப்புறம் ஏன் சார் சொல்லல? நான் பிரேக் எதுன்னு காட்டினேனே!"

"நீங்க சொந்தக் காரைப் பத்தித்தானேம்மா கேட்டீங்க."

ஒரு நொடி அவள் முகம் எப்படிப் போவது என்று தெரியாமல் தவித்தது. பிறகு அடக்க முடியாமல் சிரிப்பு பீறிட்டது. அடக்கிவைத்திருந்த அக்காளும் தம்பியும் சேர்ந்துகொள்ள, கார் குலுங்கியது. "வண்டியைக் குலுக்காதீங்க, பூவெல்லாம் உதிருது," என்று பூக்கடை அம்மா அதட்டினார்.

மார்க்கெட் வாசலில்தான் உண்மையான சிக்கல் வந்தது. பூக்கடை அம்மாவால் இறங்க முடியவில்லை. சீட்டு பள்ளம், கதவு குறுகல், முட்டி நெஞ்சில் முட்டியது. நாலே முக்கால் வெளியிலிருந்து இரண்டு கைகளையும் பிடித்து இழுக்க, மச்சான் உள்ளேயிருந்து தோளைக் கொடுத்துத் தள்ள, ஒருவழியாக அந்த அம்மா வெளியே வந்து மூச்சு வாங்கினார். மச்சானின் இஸ்திரி போட்ட சட்டை முழுக்க மஞ்சள் இதழ்கள் ஒட்டியிருந்தன.

"தம்பி, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. இந்த வண்டி வேணாம். ஏறும்போது தலையில இடிச்சுது. உக்காந்தா வெளிய ஒண்ணும் தெரியல. இறங்குறதுக்குள்ள என் பாதி உசிரு போயிருச்சு. இதுல யாரை ஏத்துவீங்க?"

இருபத்திரண்டு வருஷமாகப் பயணிகள் சொல்வதைக் கேட்டே பழகிய மனிதர் அவர். ஜன்னல் இறுகிவிட்டது என்றால் அன்றைக்கே மெக்கானிக்கிடம் சொல்வார். திரும்பி வந்ததும் சாவியை அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். "இது வேணாம்மா. பயணிக்கு வசதிப்படல."

"நீங்க தனியாத்தானே மாமா வேலைக்குப் போகப்போறீங்க?" என்றான் மச்சான், இதழ்களைப் பொறுக்கியபடி. குரலில் பழைய வேகம் இல்லை.

முற்றத்தின் மூலையில் ஒரு சின்ன நீலக் கார் நின்றது. உயரமான கூரை, அகலக் கதவுகள், எல்லாப் பக்கமும் பெரிய கண்ணாடி. "ஃபிரிட்ஜுக்குச் சக்கரம் வெச்ச மாதிரி இருக்கு," என்று மச்சான் முணுமுணுத்தான். நாலே முக்கால் குனியாமல் ஏறி உட்கார்ந்தார். சீட்டு நிமிர்ந்திருந்தது. முன்னால் ரோடு தட்டில் வைத்ததுபோலத் தெரிந்தது. வைப்பரை ஓடவிட்டுப் பார்த்தார். கண்ணாடியின் ஓரம் வரைக்கும் போய் வந்தது. மனைவி பின்கதவைத் திறந்து ஏறினாள், இறங்கினாள், இன்னொரு தடவை ஏறினாள். வெளியே வந்து நாலடி தள்ளி நின்று, ஃபிரேம் பொருந்தியிருக்கிறதா என்று முகத்தைப் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்து, காருக்குள் இருந்த கணவரைப் பார்த்தாள்.

"உங்களுக்கு இதுதான் எடுப்பா இருக்கு," என்றாள். அதோடு தீர்ந்தது.

ஒப்பந்தத்தை அவர் ஒரு வரி விடாமல் படித்தார். எண்ணெய் மாற்றுவது யார், டயர் யார் பொறுப்பு, கீறல் எவ்வளவு நீளம் போனால் தண்டம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்தப் பெண்ணும் இப்போது வேறு மாதிரி மரியாதையோடு பதில் சொன்னாள்.

"வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீங்கன்னு ஒரு அளவு போடணும் சார். குறைஞ்சது பத்தாயிரம்."

மனைவி மனக்கணக்குப் போட்டாள். "போக வர பதினாலு. மாசம் இருபத்தஞ்சு நாள். வருஷத்துக்கு நாலாயிரத்து இருநூறுதான் வருது. மீதி அஞ்சாயிரத்து எண்ணூறு?"

"ஓட்டலேன்னா சும்மா போயிரும் மேடம்."

"சும்மா போகவா? அந்த அஞ்சாயிரத்து எண்ணூறும் என்னுது," என்றாள் அவள். "எங்க போறதுன்னு நான் சொல்றேன்." கணவர் மறுபேச்சு பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் வண்டியைக் கொண்டுவந்து விட்ட ஆள், சாவியை நீட்டிவிட்டுச் சீக்கிரம் கிளம்பப் பார்த்தான். நடக்கவில்லை. நாலே முக்கால் தினமும் பஸ்ஸைச் சுற்றி வருவதுபோல ஒரு சுற்று வந்தார். டயரை அமுக்கினார், அடியில் குனிந்து பார்த்தார், மனைவியை உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பின்னால் போய் நின்றார்.

"பிரேக் லைட் ஒரு பக்கம் எரியல தம்பி."

"எல்லாம் பாத்துத்தான் சார் அனுப்பினாங்க."

"பாத்திருப்பாங்க. எரியல."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு பல்பை மாற்றினான். போகும்போது, "நீங்க ஒரு நாள் எங்க யார்டுக்கு வாங்க சார், அங்க முப்பது வண்டி நிக்குது," என்றான். உபசாரமாகச் சொன்னதா, வயிற்றெரிச்சலில் சொன்னதா என்று தெரியவில்லை.

முதல் நாள் அவர் நாலு பத்துக்கே டிப்போவுக்குள் நுழைந்தார். ஊழியர் வண்டிகள் நிறுத்தும் இடம் பின்பக்கம். நாற்பது அடி பஸ்ஸை ஒரே முயற்சியில் சுவருக்கும் தூணுக்கும் நடுவே சொருகுகிறவருக்கு இந்தக் கார் பிடிபடவே இல்லை. முதல் தடவை கோட்டுக்கு வெளியே. இரண்டாவது தடவை குறுக்கே. மூன்றாவது தடவை நேராக நின்றது, ஆனால் பின் சுவருக்கும் காருக்கும் நடுவே ஒரு கல்யாணமே நடத்தலாம். டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்கள் எல்லாம் தம்ளரோடு வந்து வரிசையாக நின்றுவிட்டார்கள்.

"யோவ் நாலே முக்கால்! அந்த இடத்துல உன் பஸ்ஸையே நிறுத்தலாமேய்யா!" என்று ஜன்னலிலிருந்து கத்தினார் டைம் கீப்பர். கைதட்டல் பறந்தது. அவர் இறங்கி, கதவைப் பூட்டி, பூட்டியதா என்று இழுத்தும் பார்த்துவிட்டு, கூட்டத்துக்கு ஒரு கும்பிடு போட்டார். அன்றைக்கு முதல் பஸ் நாலே முக்காலுக்குக் கிளம்பியது, நொடி தப்பாமல். முதல் ஸ்டாப்பில் நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி தன் அஞ்சாயிரத்து எண்ணூறைத் தொடங்கினாள். ஊருக்கு வெளியே ஏரிக்கரை வரைக்கும் போகலாம் என்றாள். முன் சீட்டில், அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தவள் ரோட்டைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவருக்கே அது விநோதமாக இருந்தது.

"என்ன, பிடிக்கலையா?"

"இல்லங்க. உங்க எட்டரை மணி டிரிப்புல எத்தனையோ நாள் வேலைக்கு வந்திருக்கேன். எப்பவும் பின்னாடிதான் உக்காருவேன். 'வண்டி ஓடும்போது ஓட்டுநரிடம் பேசக் கூடாது'ன்னு உங்க தலைக்கு மேல போர்டு தொங்கும். கடைக்குப் போறவரைக்கும் உங்க பிடரியையே பாத்துக்கிட்டு வருவேன். நீங்க ஓட்டும்போது உங்க முகத்தை இன்னிக்குத்தான் பாக்குறேன்."

"எப்படி இருக்கு?"

"நாக்கைத் துருத்திக்கிட்டு ஓட்டுறீங்க."

அவர் அவசரமாக நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார். அவள் பேச ஆரம்பித்தாள். முதலாளியம்மாவின் புதுக் கல்லாப்பெட்டியைப் பற்றி, கண்ணாடி போட்டதும் புருஷனின் வழுக்கை தெரிந்துவிட்டது என்று சண்டைக்கு வந்த வாடிக்கையாளரைப் பற்றி, தம்பி ரகசியமாக ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருப்பதைப் பற்றி. பதினோரு வருஷம் பின் சீட்டில் சேர்த்துவைத்ததெல்லாம் மடை திறந்ததுபோல வந்தது. அவர் ம்ம் கொட்டிக்கொண்டே ஓட்டினார். ஏரிக்கரைக்குத் திரும்ப வேண்டிய வளைவு வந்தது, போனது.

"என்னங்க, திருப்பத்தை விட்டுட்டீங்களே!"

"தெரியும். நீ சொல்லு, அந்தப் பொண்ணு எங்க வேலை செய்யுது?"